ஆலை யாருடையது? நான்கு கட்டத்தில் கண்டுபிடிக்கும் முறை

சோசலிசத்துக்கு விளக்கம் சொல்லித் தொடங்கினால் படிப்பு வட்டம் முதல் நாளே சண்டையில் முடியும். ஒருவருக்கு அது அரசுடைமை, இன்னொருவருக்கு ஆலை தொழிலாளர் கையில் இருப்பது, மூன்றாமவருக்குப் பணக்காரரிடம் வரி வாங்கி ரேஷன் போடுவது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அந்தச் சொல்லை அரசமைப்பின் முகப்புரையில் சேர்த்தது. பொருள் சொல்லாமல் விட்டது. எனவே பக்கத்து நிறுவனத்திலிருந்து தொடங்குங்கள்.

தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பங்கு யாரிடம், ஓட்டு யாருக்கு, உபரி (செலவு போக மிஞ்சுவது) யாருக்கு, விற்கும் உரிமை யாருக்கு. நான்கிலும் ஒரே பெயர் வருவது அபூர்வம்.

ராணிப்பேட்டை பெல் (பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை) சுலபம். நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு ஒன்றிய அரசிடம், மீதி பங்குச்சந்தையில். அரசுடைமைதான்; ஆனால் தொழிலாளர் உடைமை அல்ல.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் மாடு ஒன்றானாலும் பத்தானாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஊற்றிய பாலுக்கு ஏற்ப போனஸ். பங்கைச் சந்தையில் விற்க முடியாது. பால் அளப்பவரோ சம்பளக்காரர். ஆகவே இது உற்பத்தியாளர் கூட்டுறவு.

அம்முண்டி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு ஒரு கட்டத்தில் ஒரு விடை போதாது. உறுப்பினர்கள் கரும்பு விவசாயிகள்; நிர்வாகத் தலைமைக்கு அதிகாரியை அனுப்புவது அரசு. ‘சட்டப்படி’, ‘நடைமுறையில்’ என்று கட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் கூட்டுறவு என்ற பெயரைப் பார்த்ததும் சோசலிசம் என்றோ, அதிகாரியைப் பார்த்ததும் அரசுடைமை என்றோ அடித்துச் சொல்வார்கள்.

குடியாத்தம் நெசவில் இன்னொரு முடிச்சு: நூல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துடையது, வீட்டுத் தறி பெரும்பாலும் நெசவாளருடையது. கருவி யாருடையது என்பதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

அதிகம் வழுக்குவது வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள, தோல் ஆலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில். ‘பொது’ என்ற சொல்லை நம்பாதீர்கள். கம்பெனியாகப் பதிவானவை, பங்குதாரர்கள் தோல் ஆலை உரிமையாளர்கள். பாலாற்றங்கரை ஊர்க்காரருக்கு அதில் ஓட்டில்லை. முதலாளிகளின் கூட்டுடைமை என்று எழுதுங்கள்.

இனி சோசலிசத்தின் விளக்கங்களுக்கு வரலாம். ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தை மாற்றச் சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள். சோவியத் முறை முதல் கட்டத்தை அரசுக்குக் கொடுத்து மற்றவற்றையும் அதனுடனே இழுத்துக்கொண்டது. யுகோஸ்லாவியாவின் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டைத் தொழிலாளர் குழுக்களுக்குத் தந்தது. ஆலையை விற்றுப் பங்கு போட்டுக்கொள்ள விடவில்லை. சமூக ஜனநாயகம் பெரும்பாலும் உடைமையைத் தொடாமல் உபரியில் மட்டும் வரி போடும்.

குறிப்பெடுக்கும்போது ‘பொதுவுடைமை’யைக் கம்யூனிசக் கொள்கைக்கும், ‘சமூக உடைமை’யைச் சொத்து வடிவத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.