கிரவுண்டட் தியரி: முதல் நேர்காணல் முடிந்ததுமே அலசத் தொடங்குங்கள்

பிஎச்.டி.க்கு கிரவுண்டட் தியரியை (தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் ஆய்வு முறை) தேர்ந்தெடுக்கும் பலர், எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டு அப்புறம் கோடிங் (தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் கொடுப்பது) செய்யலாம் என்று திட்டம் போடுகிறார்கள். இந்த முறையில் அது செல்லாது. தரவு சேகரிப்பதும் அலசுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

1960களில் சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில், சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்னி கிளேசரும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் ஆராய்ந்தார்கள். அதில் உருவான முறையை 1967இல் நூலாக்கினார்கள். அந்த ஆய்வையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1. கருதுகோள் வேண்டாம். “இங்கே என்ன நடக்கிறது?” என்ற திறந்த கேள்வி போதும்.

படி 2. முதல் நேர்காணலை உடனே எழுத்தாக்கி, வரிவரியாக கோட் கொடுங்கள். “நோயாளி தன் நிலையைப் பற்றிக் கேட்டால், டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்” என்று ஒரு செவிலியர் சொல்கிறார் என வையுங்கள். ‘மரணம்’ என்று கோட் போட்டால் அது வெறும் தலைப்பு. ‘பதிலைத் தள்ளிவிடுதல்’ என்று போட்டால் ஒரு செயல் கண்ணில் படுகிறது.

படி 3. சம்பவத்தோடு சம்பவத்தை ஒப்பிடுங்கள். தான் சாகப்போவது நோயாளிக்குத் தெரியாத நிலை, அவர் சந்தேகப்படும் நிலை, நோயாளி, ஊழியர் என இரு தரப்புக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கும் நிலை, வெளிப்படையாகப் பேசும் நிலை என நான்கு சூழல்களை கிளேசரும் ஸ்ட்ராஸும் பிரித்துக் காட்டினார்கள். அந்த மூன்றாவது, எந்தக் கேள்வித்தாளிலும் சிக்கியிருக்காது.

படி 4. தோன்றுவதை அன்றன்றே மெமோவாக (உங்களுக்கான குறிப்பாக) எழுதுங்கள். நடை முக்கியமில்லை.

படி 5. அடுத்து யாரைச் சந்திப்பது என்பதை உங்கள் கோட்களே சொல்லட்டும். நோயாளிக்குத் தன் நிலை தெரியவே வழியில்லாத இடத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க, அந்த ஆய்வில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கும் நரம்பு அறுவைப் பிரிவுக்கும் போனார்கள். மரணம் சட்டென்று வரும் இடம் வேண்டும் என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், மெல்ல வரும் இடம் வேண்டும் என்று புற்றுநோய்ப் பிரிவுக்கும் போனார்கள்.

படி 6. புதுத் தரவு உங்கள் வகைகளுக்கு (ஒத்த கோட்களைச் சேர்த்த தொகுப்புகளுக்கு) புதிதாக எதையும் சேர்க்காதபோது நிறுத்துங்கள். “மொத்தம் எத்தனை பேர்?” என்று ஆய்வுக் குழு முன்கூட்டியே கேட்கத்தான் செய்யும்; உத்தேசமாக ஒரு வரம்பு கொடுங்கள். கேள்விகளும் ஆட்களும் போகப்போக மாறலாம் என்பதை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரி, இந்த முறையை மூன்று விதமாகச் செய்கிறார்கள்; யார் வழியில் போவது? கிளேசர் ஒரு பக்கம், ஸ்ட்ராஸும் ஜூலியட் கார்பினும் (1990) இன்னொரு பக்கம், கேத்தி சார்மாஸ் (2006) வேறொரு பக்கம். புதிதாக வருபவருக்கு சார்மாஸ் எளிது என்பது என் கருத்து. மூன்றையும் கலக்கினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.