ஏற்காடு போறீங்களா? குரங்குக்கு எதுவும் போடாதீங்க

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும், அதில் பல இடங்களில் குரங்குகள் சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காரை ஓரங்கட்டி சிப்ஸ், பிஸ்கட் நீட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பாவம் பசிக்கும் என்று நினைத்துத்தான் கொடுக்கிறோம், ஆனால் காட்டில் பழமும் இலையும் தேடித் தின்ன வேண்டிய குரங்கு தார் ரோட்டிலேயே காத்துக் கிடந்து, தாவி வரும்போது வண்டியில் அடிபடுகிறது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடுவதைப் பார்த்தால் மனசு பதறும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தாமல் போங்கள், அது போதும்.

அப்புறம் குப்பை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுக்கத் தடை, ஆனாலும் ஏற்காட்டின் பகோடா பாயின்ட் காட்சிமுனையில் பாறை இடுக்குகளில் கப்பும் கவரும் கிடக்கின்றன. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், தூக்குப் பாத்திரத்தில் புளிசாதம் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு காலி துணிப்பையும். சேரும் குப்பையை அதில் போட்டுச் சேலத்துக்கே கொண்டுவந்து தொட்டியில் போடலாம்.

மே மாதக் கோடை விழா சமயத்தில் முடிந்தவரை அரசுப் பேருந்தில் போங்கள், வளைவுகளில் கார் நெரிசல் கொஞ்சமாவது குறையும். வரும்போது மலைக்காரர்கள் சாலையோரம் விற்கும் மிளகு, காப்பிக்கொட்டை, பலாப்பழம் வாங்குங்கள், ரொம்பப் பேரம் பேசாமல்.