மூங்கில் நட்சத்திரமும் இரண்டு பெயர் எழுதிய சீட்டும்

எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் நவம்பர் 30-ஆம் தேதி இரவே வந்துவிடும். ரங்கூனில் கரேன், சின் இனக் கிறிஸ்தவர்கள் அன்று நள்ளிரவில் டிசம்பர் பிறப்பதைப் பாட்டுப் பாடி வரவேற்பார்கள். அதற்கு ‘ஸ்வீட் டிசம்பர்’ என்று பெயர். பக்கத்து வீட்டுக் கரேன் குடும்பம் கிட்டாரோடு படியேறி வரும்போது நம் வாசலில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் மாமியார் வைத்த வழக்கம். அதனால் நவம்பர் நடுவிலேயே வேலையைத் தொடங்கிவிடுவேன். அதற்குள் மழை விட்டிருக்கும். மழைக்காலத்தில் செய்தால் பசை காயாது, தாளும் நமத்துப் போகும்.

நான் தையல்காரி. லுங்கியும், பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற தமெயினும், ரவிக்கையும் தைத்தே பிள்ளைகளை வளர்த்தேன். அதனால் எனக்கு எல்லா அளவும் அங்குலத்திலும் நூலிலும்தான் வரும். எட்டு நூல் ஒரு அங்குலம். டேப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் நட்சத்திரத்தைச் செய்வோம்.

நன்றாக முற்றிய மூங்கிலைப் பிளந்து 24 அங்குல நீளத்தில் 10 சிம்பு, 4 அங்குல நீளத்தில் 5 சிம்பு எடுக்க வேண்டும். கால் அங்குல அகலம் போதும். பச்சைத் தோல் உள்ள பக்கம் உறுதியானது, அதை வைத்துக்கொண்டு உள்பக்கத்துச் சோற்றைச் சீவி எடுத்துவிடுங்கள். சிம்பின் நடுவில் கணு வந்தால் அது சீராக வளையாது. அதைத் தள்ளிவிட்டு வேறு எடுங்கள். பிளப்பதும் சீவுவதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகளிடம் உப்புத்தாளைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லலாம். தேய்க்காமல் கட்டினால் சிராய் ஏறும்.

இப்போது ஒவ்வொரு நீளச் சிம்பிலும் இரண்டு முனையிலிருந்தும் 9 அங்குலம் 1 நூல் அளந்து பென்சிலால் கோடு போடுங்கள். நடுவில் 2 நூல் குறைய 6 அங்குலம் மிஞ்சும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம், இரண்டு கோடும் சரியாக இருந்தால் போதும். சிம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் அந்தக் கோடுதான். இந்த அளவு தெரியாத காலத்தில் கண்ணால் பார்த்துக் கட்டி, ஒரு கால் நீண்டும் ஒரு கால் குட்டையுமாக எத்தனையோ நட்சத்திரங்கள் செய்திருக்கிறேன். வேறு நீளத்தில் செய்ய நினைத்தால், நீளத்தை 0.38 ஆல் பெருக்குங்கள், கோடு போடவேண்டிய இடம் கிடைத்துவிடும்.

அடுத்து, கோலமாவை எடுத்துத் தரையில் கை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று போடுங்கள். பள்ளிக்கூட நோட்டில் எல்லாப் பிள்ளைகளும் போடுவார்களே, அதேதான். அந்தக் கோட்டின் மேல் ஐந்து சிம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டே போனால் சட்டம் வந்துவிடும். ஒரு சிம்பு ஒன்றின் மேலேயும் அடுத்ததன் கீழேயும் போகும்படி பின்னினால் நட்சத்திரம் தளராது. முதலில் ஐந்து முனைகளையும் கட்டுங்கள். பிறகு கோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி நகர்த்தி, உள்ளே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களையும் பெருக்கல் குறிபோலச் சுற்றிக் கட்டுங்கள். தையல் நூலை இரட்டையாக எடுத்து மெழுகுவத்தியில் ஒரு இழு இழுத்துக்கொண்டால் முடிச்சு வழுக்காது. இதேபோல இன்னொன்று.

இரண்டு சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளி முனை ஐந்தை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள் சந்திப்புகளைச் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. அங்கேதான் 4 அங்குலக் குச்சிகளை முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவில் முட்டுக் கொடுக்கப் போகிறோம். குச்சியின் இரண்டு முனையிலும் கத்தியால் சின்னப் பள்ளம் வெட்டினால் சந்திப்பில் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்றாக நுழையுங்கள். ஐந்தாவது குச்சி உள்ளே போனதும் தட்டையாகக் கிடந்தது பொம்மென்று எழுந்து நிற்கும். என் பேரன் அந்த நிமிஷத்துக்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

பசைக்கு மைதா போதும். இரண்டு கரண்டி மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடிபோல வந்ததும் இறக்கி ஒரு சிட்டிகை படிகாரத்தூள் போட்டால் நாலைந்து நாளைக்குப் புளிக்காது. ஆறிய பிறகே தொடுங்கள்.

தாளுக்கு நான் தடிஞ்சுட் விளக்குத் திருவிழா முடிந்த கையோடு தெய்ஞ்ஜி சந்தைக்குப் போய்விடுவேன். எங்கள் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்பார்கள். அக்டோபரில் பௌத்த வீடுகளில் விளக்குக் கூண்டு கட்ட வாங்கிய கலர் கண்ணாடித்தாளும் காற்றாடித்தாளும் கடைகளில் மிஞ்சிக் கிடக்கும். எனக்குக் காற்றாடித்தாள்தான் பிடிக்கும், அதில் வெளிச்சம் மெத்தென்று விழும். முன்பக்கத்துக்கு ஐந்து முக்கோணம், நடுவில் ஒரு ஐங்கோணம். பின்பக்கத்துக்கும் அதே. பக்கவாட்டில் ஒல்லியான முக்கோணம் பத்து. ஆக 22 துண்டு. சுற்றிலும் அரை அங்குலம் கூட விட்டு வெட்டி, சிம்பின் மேல் மடித்து ஒட்டுங்கள். மேலே ஒரு பக்கவாட்டுத் துண்டை ஒட்டாமல் விட்டால் அதன் வழியாக விளக்கை உள்ளே விடலாம். பசை காய்ந்த மறுநாள் தாளின்மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து நிழலில் காயவிடுங்கள், சுருக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு முரசுத்தோல் மாதிரி விறைக்கும். சாயம் போகிற தாளாக இருந்தால் தெளிக்காதீர்கள்.

உள்ளே மெழுகுவத்தி வைக்கவே கூடாது. பழைய குண்டு பல்பும் வேண்டாம். ஒரு வருஷம் 40 வாட் பல்பைத் தொங்கவிட்டேன். திருப்பலி முடிந்து வந்து பார்த்தால் கண்ணாடித்தாள் சுருங்கி, உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. வீடு தப்பியது ஆண்டவர் கிருபை. இப்போது 3 வாட் எல்.இ.டி.தான். கரண்டு போகிற ஊர் நம்முடையது, அதனால் சார்ஜ் ஏற்றி வைக்கிற பல்பாக வாங்கிவிட்டால் எல்லாரும் இருட்டில் இருக்கும்போதும் நட்சத்திரம் எரியும்.

படிக்கட்டுக்கு டின் விளக்கு செய்வோம். டீக்கடைக்காரரிடம் கேட்டால் பால் டின்னைச் சும்மாவே கொடுப்பார். கழுவி, வாய் ஓரத்துக் கூர்மையைக் குறடால் மடித்துத் தட்டிவிட்டு, முக்கால் டின் தண்ணீர் ஊற்றி ஐஸாக்குங்கள். உள்ளே கெட்டியாக இருந்தால்தான் ஆணி அடிக்கும்போது டின் நசுங்காது. கரண்டில்லாத நாளில் நான் ஈர மணலை இடித்து நிரப்பிக்கொள்வேன், அதுவும் சரியாகவே வரும். டின்னைப் பழைய துண்டின்மேல் படுக்கவைத்து, 2 அங்குல ஆணியால் சிலுவையோ மீனோ புள்ளி புள்ளியாக அடிக்க வேண்டும். ஓட்டையின் உள்பக்கம் கூராக இருக்கும், பிள்ளைகள் விரல் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிலுக்குப் புல் வேண்டுமென்றால் டிசம்பர் 12, 13-க்குள் நெல்லை ஊறப்போடுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும். அப்புறம் ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். தட்டில் ஈர மணல் பரப்பி நெருக்கமாகத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் 24-ஆம் தேதி இரவு நல்ல பச்சையாக நிற்கும். மலைக்கு சிமெண்ட் பையின் உள்தாளே போதும். தூசி போக உதறிக் கசக்கி நிறுத்தினால் பாறைதான்.

குடிலில் எங்கள் வீட்டு இடையர்கள் விழமாட்டார்கள். இந்த ஊர்க் கடைகளில் காகிதக்கூழால் செய்த தலையாட்டிப் பொம்மை விற்குமே, எத்தனை தடவை தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்குமே, அதைப் பார்த்து வந்த யோசனை. முட்டையின் மேல்பக்கத்தை மட்டும் உடைத்துக் காலிசெய்து, கழுவிக் காயவைத்து, அடியில் இரண்டு கரண்டி மணலைப் பசையில் குழைத்து ஊற்றி நேராக நிறுத்தி வையுங்கள். நன்றாக இறுகிய பிறகு வெளியே செய்தித்தாள் துண்டுகளை மூன்று சுற்று ஒட்டி, மேலே காகித உருண்டையைத் தலையாக வைத்து, லுங்கித் துண்டால் போர்வை போட்டுவிடுங்கள். தலை சின்னதாக இருக்கட்டும், கனத்தால் கவிழ்ந்துவிடும். பூனை வந்து இடித்தாலும் ஆடி ஆடி நிற்பார்கள்.

சரி, இனிப் பெயர்ச்சீட்டு. பரிசுப் பொட்டலத்தில் கட்டுகிற சின்ன அட்டைதான், ஆனால் என் மனசு முழுக்க இதில்தான் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பர்மியம்தான். தமிழ் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், மிச்சம் வீட்டில். நம்மில் நிறையப் பேருக்கு இரண்டு பெயர்: பதிவேட்டில் பர்மியப் பெயர், வீட்டில் கூப்பிடுகிற தமிழ்ப் பெயர். வீட்டுப் பெயரை வாயால் கூப்பிடுகிறோமே தவிர, பல பிள்ளைகள் அதை எழுதிப் பார்த்ததே இல்லை. என் பேத்தியே எட்டு வயதுவரை எழுதியதில்லை. அதனால் எங்கள் வீட்டுச் சீட்டுக்கு இரண்டு பக்கம். முன்னால் தமிழ்ப் பெயர், பின்னால் பர்மியப் பெயர். பக்கத்து வீட்டுக் கரேன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதும் ஒரு பக்கம் அவர்கள் பெயரைத் தமிழில் எழுதிவிடுவோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

அட்டைக்குப் போன வருஷத்துக் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2 அங்குல அகலம், 3½ அங்குல நீளம். இதைவிடச் சிறிதாக வெட்டினால் பிள்ளைகள் எழுத்து அடங்காது. அட்டையில் ஒரு மாதிரிச் சீட்டை வெட்டி வைத்துக்கொண்டு, துணி வெட்டுவதுபோல அதைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினால் எல்லாம் ஒரே அளவில் வரும். மேல் இரண்டு மூலையையும் கத்தரித்துவிடுங்கள்.

முகப்புக்கு ஷான் காகிதம் ஒட்டினால் அழகே தனி. ஷான் மாநிலத்துப் பிண்டாயாவில் ஒருவகை மல்பெரி மரத்துப் பட்டையை வேகவைத்து, இடித்துக் கூழாக்கி, சட்டத்தில் பரப்பிப் பூவிதழும் இலையும் தூவிக் காயவைத்துச் செய்வது. ஒரு தாளில் நாற்பது சீட்டுக்கு மேல் வரும். பூ விழுந்த இடத்தைப் பார்த்து வெட்டுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும், அந்தக் காகிதத்தில் மைப்பேனா பட்டால் மை பரவும். பால்பாயிண்ட் பேனாதான் சரி. அல்லது நடுவில் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டி அதில் எழுதலாம்.

ஷான் காகிதம் கிடைக்காத வீட்டில் வெண்டைக்காய் இருக்கும். முற்றிய காயைக் காம்புக்குக் கீழே குறுக்கே வெட்டிப் பாருங்கள், ஐந்து இதழ் நட்சத்திரம் தெரியும். சிலதில் ஆறோ ஏழோ இருக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிப் பத்து நிமிஷம் காற்றாட வையுங்கள், இல்லாவிட்டால் வழவழப்பு சாயத்தோடு சேர்ந்து அப்பிவிடும். சாயத்தை ஈர ஸ்பாஞ்சில் தடவி அதன்மேல் காயை ஒற்றி எடுத்து அச்சுப் போடுங்கள். சீட்டின் ஓரத்தில் மூன்று போதும், பெயருக்கு இடம் வேண்டும்.

எழுதும்போது நான் மெல்லிய பென்சிலில் புள்ளி புள்ளியாகப் பெயரை எழுதிக் கொடுப்பேன், அதன்மேல் பிள்ளை பேனாவை ஓட்டும். மூன்றாவது சீட்டில் புள்ளியை நிறுத்திவிடுவேன். பர்மிய எழுத்தெல்லாம் வட்டம், அந்தக் கை ‘ட’வையும் ‘ப’வையும்கூட உருட்டிவிடும். “மூலையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பு” என்று சொல்லிக் கொடுங்கள், பிடித்துக்கொள்வார்கள். என் பேத்தியின் பெயரில் ‘ழ’ வருகிறது. முதல் வருஷம் சுழியைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். நான் அழிக்கவில்லை, அந்தச் சீட்டையே என் பரிசில் கட்டச் சொன்னேன். இந்த வருஷம் சுழி நேராக வந்திருக்கிறது. எழுத்துப் பிழையான சீட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், பக்கத்தில் சரியாக ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும்.

மேலே நடுவில், ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி ஓட்டை போட்டு, ஓட்டையைச் சுற்றிப் பின்பக்கம் வட்டக் காகிதம் ஒன்று ஒட்டிவிட்டால் கிழியாது. கயிற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். லுங்கித் துணியின் ஓரக்கரையைக் கால் அங்குல அகலத்தில் நீளமாக வெட்டுங்கள். துணியை எங்கே வெட்டினாலும் நூல் பிரியும், கரை ஓரம் மட்டும் பிரியாது. 8 அங்குலத் துண்டை இரண்டாக மடித்து, மடிப்பை ஓட்டையில் விட்டு, நுனிகளை அந்த வளையத்துக்குள் இழுத்தால் முடிச்சு. தெரிந்த தையல்காரரிடம் கேளுங்கள், ஒரு பை நிறையக் கொடுப்பார்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள், அதற்கு மறுநாள் நட்சத்திரத்தை இறக்குவேன். தாளோடு பரணில் வைத்தால் பசைக்குக் கரப்பான் வரும், ஒரு வருஷம் பாதி நட்சத்திரத்தைத் தின்றுவிட்டது. இப்போது தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டு, முட்டுக் குச்சிகளை எடுத்துச் சட்டத்தைத் தட்டையாக்கி, பீரோவுக்குப் பின்னால் சொருகிவிடுவேன். முட்டுக் குச்சி ஐந்தும், பரிசுகளிலிருந்து கழற்றிய சீட்டுகளும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும், டின்மேல் வருஷத்தை எழுதி ஒட்டுவது பேத்தியின் வேலை.