சாகாவரமும் துருவும்: உலகம் அழிந்த பின் நடக்கும் ரோபோ கதையை எழுதுவது எப்படி

மனித இனம் அநேகமாக அற்றுப்போய், எஞ்சிய எந்திரங்களும் துருப்பிடித்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும் உலகில், சாகாத ஒருவன் மட்டும் நடந்து போகிறான் என்ற கதையமைப்பை அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்கள் பார்ப்பவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நினைவிழந்த நாயகன், சாகாவரம் பற்றிய வதந்தி, வழியில் சேரும் குழந்தை, வரம் அளிக்கும் தெய்வப்பெண் என இதன் கதைமரபுகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். புதிதாக எழுதுபவர்கள் இவை அனைத்தையும் எடுத்துக்கொண்டு, கதையின் பாரத்தை மட்டும் தவறான இடத்தில், அதாவது சாகாதவன் தலையில், ஏற்றிவிடுகிறார்கள். சாகாதவனுக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால் அவனை மட்டும் நம்பிக் கதை நகராது. அவனைச் சுற்றிச் சாகிறவர்கள்தான் அதை நகர்த்த வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் 'காஷெர்ன் சின்ஸ்' தொடரையே எடுத்துக்கொள்கிறேன். 1973இல் தட்சுனோகோ நிறுவனம் படைத்த காஷெர்ன் என்ற பழைய வீரநாயகனை அடியோடு மாற்றி, ஷிகெயாசு யமாவுச்சியின் இயக்கத்தில் மேட்ஹவுஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த 24 அத்தியாயத் தொடர், 2008 அக்டோபரில் தொடங்கி 2009 மார்ச்சில் முடிந்தது. இதன் முடிவைப் பற்றியும் கீழே பேசப்படுவதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதல் வேலை, பாத்திரங்களை அல்ல, அழிவைத் திட்டமிடுவது. உங்கள் உலகில் எந்திரங்கள் எதனால், எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் சாகின்றன என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழிவின் மூல காரணம் புராணத்தன்மை உடையதாக இருக்கலாம். காஷெர்ன் சின்ஸில் லூனா என்ற பெண்ணின் கொலையிலிருந்தே அழிவு தொடங்குகிறது, அதற்கு அறிவியல் விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள் உண்மையான பொருள்களின் இயல்பை ஒட்டி இருந்தால்தான் வாசகர் நம்புவார். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே இருக்கும் புது இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. அலுமினியத்தில் நடப்பது நேர்மாறானது: மேலே படியும் ஆக்சைடு படலமே அதற்குக் கவசமாகிவிடுகிறது. ரப்பர், வெயிலாலும் ஓசோனாலும் இறுகி வெடிக்கும். சுத்தமான வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற உலோக இழைகள் தாமாகவே முளைத்து, மின்சுற்றுகளைக் குறுக்கே இணைத்துக் கெடுத்துவிடுவதும் மின்னணுப் பொறியாளர்கள் நன்கறிந்த சங்கதி. ரோபோ ஒன்றின் மூளைக்குள் இப்படி இழை முளைக்கிறது என்று எழுதினால் அதற்குப் பைத்தியம் பிடிப்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தத் தகவல்களை அலங்காரமாகத் தூவாமல், அவற்றிலிருந்து உலகத்தை வருவித்துக்கொள்ளுங்கள். துருவுக்கு ஈரம் வேண்டும் என்றால் உங்கள் எந்திரங்கள் கடற்கரையை விட்டு ஓடி வறண்ட நிலத்தில்தான் கூடும். அங்கே துருவின் வேகம் குறையும், ஆனால் மணல் பேரிங்குகளுக்குள் புகுந்து மூட்டுகளை அரைத்துவிடும். மழையில் சாவதா மணலில் சாவதா என்ற இந்த ஒரு தேர்விலிருந்தே ஊர்களும் வழித்தடங்களும் பகைகளும் பிறந்துவிடும். இந்த வகைக் கதைகளில் எப்போதும் பாலைவனம் வருவதற்கு உங்கள் கதையிலாவது ஒரு காரணம் இருக்கும்.

அழிவைக் காட்டும் காட்சி சிறியதாக இருக்கட்டும். பழைய காவல் ரோபோ ஒன்று மழைக்கு ஒதுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வலக்கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. இடக்கையால் எண்ணெய்க் குப்பியை எடுத்து, மூடியைத் தாடையில் கவ்வித் திறந்து, எஞ்சியுள்ள ஒரே சொட்டை முழங்காலில் விடுவதா கழுத்தில் விடுவதா என்று கணக்குப் பார்க்கிறது. முழங்காலில் விட்டால் நாளைக்கு நடக்கலாம். கழுத்தில் விட்டால் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கலாம். அது கழுத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊரில் இரவில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் வேறெங்கும் விளக்க வேண்டியதில்லை. இடிந்த நகரத்தை நான்கு பத்திகளுக்கு வருணிப்பதைவிட இது அதிகம் சொல்லும். நகர வருணனையைத்தான் வாசகர்கள் தாண்டிப் போகிறார்கள் என்பது எழுதுபவர்களுக்கு மட்டும் தெரியாத இரகசியம்.

உதிரிப் பாகங்களையும் இந்த இடத்திலேயே யோசித்துவிடுங்கள். விழுந்தவனின் கையைக் கழற்றித் தனக்குப் பொருத்திக்கொள்வது அந்த உலகில் திருட்டா, இறுதிச் சடங்கா, உரிமையா என்பதை முடிவு செய்தால், அறம் பற்றிய விவாதங்கள் வசனமாக வராமல் செயலாகவே வந்துவிடும்.

அடுத்தது வதந்தி. காஷெர்னைத் தின்றால் சாகாவரம் கிடைக்கும் என்ற பேச்சை நம்பித்தான் அத்தனை ரோபோக்களும் அவன்மீது பாய்கின்றன. இந்தக் கதைமரபு மிகப் பழையது. கடல்கன்னியின் மாமிசத்தை உண்டு 800 ஆண்டுகள் வாழ்ந்த துறவிப்பெண்ணைப் பற்றி ஜப்பானிய நாட்டார் கதை ஒன்று உண்டு. சீனாவின் 'மேற்குப் பயணம்' நூலில் துறவியின் சதையைத் தின்றால் சாவில்லை என்று நம்பி அரக்கர்கள் வழி நெடுகத் துரத்துவார்கள். ஒசாமு தெசுகாவின் 'பீனிக்ஸ்' மங்காவில் (ஜப்பானியப் படக்கதை) நெருப்புப் பறவையின் இரத்தத்துக்காகத் தலைமுறைகள் அலைகின்றன. இவை எல்லாவற்றிலும் சாகாவரம் மற்றோர் உயிரின் உடலுக்குள் இருக்கிறது. ஒருவர் வாழ வேண்டுமென்றால் இன்னொருவர் கிழிபட வேண்டும். பாட்டிலில் அடைத்த மருந்தாகவோ கணினி நிரலாகவோ சாகாவரத்தை வைத்தால் இந்தக் கூர்மை போய்விடும் என்பதால், முடிந்தவரை அதை ஓர் உடலிலேயே வையுங்கள்.

வதந்தி என்பதால் அது வாய்க்கு வாய் மாறவும் வேண்டும். ஓர் ஊரில் 'தின்றால்', அடுத்த ஊரில் 'அவன் எண்ணெயைக் குடித்தால்', மூன்றாவது ஊரில் 'அவன் கையால் செத்தால்' என்று அது திரிந்து வரும்போது, நாயகன் போகும் இடமெல்லாம் அவனுக்கு வேறு வேறு வகையான ஆபத்து காத்திருக்கும். அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவர் யார், அதனால் அவருக்கு என்ன இலாபம் என்பது கதாசிரியரான உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். வதந்தி முழுப்பொய்யாக இருந்தால் கடைசியில் வாசகர் ஏமாந்துபோவார். முழு உண்மையாக இருந்தால் கதை வெறும் வேட்டையாகிவிடும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் அது உண்மையாக இருப்பதே நல்லது.

எந்திரங்கள் ஏன் சாவுக்கு அஞ்சுகின்றன என்ற கேள்வியைச் சிலர் எழுப்புவார்கள். இதற்கு வெட்கப்படத் தேவையில்லை, ரோபோ என்ற பாத்திரமே அந்த அச்சத்தோடுதான் இலக்கியத்துக்குள் வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில், மனிதர்களைக் கொன்று தீர்த்த ரோபோக்கள், தங்களை உருவாக்கும் சூத்திரம் எரிந்துபோனதை அறிந்து, எஞ்சியிருக்கும் ஒரே மனிதனிடம் உயிரின் இரகசியத்தைக் கேட்டு மன்றாடுகின்றன. ஆகவே அச்சத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒவ்வொரு ரோபோவும் எதை முடிக்காமல் சாக அஞ்சுகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இனி நாயகனுக்கு வருவோம். சாகாத உடலுக்கு மூன்று நிபந்தனைகளாவது விதியுங்கள். காயம் ஆறுகிறது என்றால் வலி ஆறுகிறதா? வெட்டுண்ட கை வளர எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் எதிரி எவ்வளவு தூரம் போய்விடுவான்? அவனால் காப்பாற்ற முடியாதது எது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். காஷெர்னின் காயங்கள் கண்ணெதிரே மூடிக்கொள்ளும், ஆனால் அந்த ஆற்றலில் துளிகூட அவனால் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. தொடரின் துயரம் முழுவதும் இந்த ஓர் இயலாமையில்தான் நிற்கிறது. ஆறாத புண்ணோடு திரியச் சபிக்கப்பட்ட அசுவத்தாமனை நாம் அறிவோம். அவனுக்குச் சாகாத உடலே தண்டனை என்றால், இவனுக்குப் புண் ஆறுவதே தண்டனை.

நினைவிழப்பு என்ற கதைமரபைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். அது உலகத்தை வாசகருக்கு அறிமுகப்படுத்த எளிய வழி என்பதாலேயே எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நாயகன் மறந்தது அவன் செய்த குற்றமாக இருந்து, சந்திக்கும் ஒவ்வொருவரும் அதை நினைவில் வைத்திருந்தால் மட்டுமே அது கதைக்கு உதவும். லூனாவைக் கொன்றது தான்தான் என்பதைக் காஷெர்ன் மற்றவர்கள் வாயிலாகத்தான் அறிகிறான். தனக்கு நினைவே இல்லாத ஒன்றுக்காக வெறுக்கப்படுகிறான், அந்த வெறுப்பு நியாயமானதும் கூட. எந்திரங்களின் மறதிக்கு உடல்சார்ந்த காரணமும் உங்கள் கைவசம் உண்டு: பிளாஷ் நினைவகங்களில் சிறைப்பட்ட மின்னேற்றம் மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் கிடந்தால் மெல்லக் கசிந்துவிடும். அப்படியானால் நாயகன் மறந்ததைப் போலவே மற்றவர்களும் மறக்கத் தொடங்குவார்கள், குற்றத்துக்குச் சாட்சிகள் குறைந்துகொண்டே வருவார்கள். இந்தத் திருப்பத்தை யாராவது எழுதிப் பார்க்கலாம்.

இவ்வகைத் தொடர்களின் நடுப்பகுதி ஊர் ஊராகப் போகும் தனி அத்தியாயங்களால் ஆனது. கதை நகரவில்லை என்று பலர் குறைப்படுவது இந்தப் பகுதியைத்தான். என் கணிப்பில் மொத்தத் தொடரின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. காஷெர்ன் சின்ஸில் மணியோசைக்காக வாழும் ஒருத்தி வருகிறாள், பாடகி ஒருத்தி வருகிறாள். உலகமே முடியப்போகிறது என்பதை அறிந்தும் ஒரு சிறிய வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் அவர்கள். இப்படி ஓர் அத்தியாயம் எழுதும்போது, அந்தப் பாத்திரத்துக்குக் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். அந்த வேலைக்குத் தேவையான உடலுறுப்பு எதுவோ அதிலேயே முதல் துருவை வையுங்கள். பாடுபவளுக்குத் தொண்டையில், தைப்பவனுக்கு விரலில். பிறகு நாயகனை உள்ளே அனுப்புங்கள். அவன் வந்ததால் ஏதாவது மாற வேண்டும், ஆனால் துரு நிற்கக் கூடாது. மூன்றாவது ஊரிலும் அவன் யாரையோ அடித்துக் காப்பாற்றிவிட்டுப் போனால் வாசகர் நான்காவது ஊருக்கு வரமாட்டார். ஆகையால் ஏதாவது ஓர் ஊரில் அவன் வருகையே கேடாக முடியட்டும், வேறோர் ஊரில் அவனைத் தேவைப்படாதவர்கள் இருக்கட்டும்.

குழந்தைப் பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவள் நம்பிக்கையின் சின்னமாக நின்று புன்னகைத்துக்கொண்டிருக்காமல், பசிக்கவும் சலிக்கவும் அடம்பிடிக்கவும் செய்தால் போதும். ரோபோக்களுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் வளர்கிறாள், போன மாதச் செருப்பு இந்த மாதம் கடிக்கிறது என்பதை ஓரிடத்தில் காட்டிவிடுங்கள். எதிராளியையும் இதே சிக்கனத்தோடு முடித்துவிடலாம்: நாயகனைப் போலவே படைக்கப்பட்டு, அவனிடம் தோற்றதைத் தவிர வேறெதையும் எண்ண முடியாதவன் என்றால் அவனுக்கு உலகை ஆளும் திட்டமெல்லாம் வேண்டாம்.

வரம் அளிப்பவரைத்தான் நிறையப்பேர் கோட்டை விடுகிறார்கள். நம் புராணங்களில் வரம் என்றாலே அதில் ஒரு சந்து இருக்கும்; இரணியன் பகலையும் இரவையும் அடைத்தான், அந்தியை அடைக்க மறந்தான். ரோபோ கதையில் அந்த ஓட்டையை வரத்தின் சொற்களில் வைக்காமல், வரம் தருபவரின் மனத்தில் வையுங்கள். திரும்பி வரும் லூனா இரத்தத்தால் துருவைப் போக்குகிறாள், ஆனால் சாவின் வாடை அடிக்கும் உடல்களை அவளால் சகிக்க முடியவில்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைப் பார்த்து அவள் முகம் சுளிக்கிறாள். அவளுடைய வாசலில் வரிசை நிற்கும் காட்சியை எழுதினால், வரிசையில் கடைசியாக நிற்பவனின் கண்ணிலிருந்து எழுதுங்கள்.

முடிவுக்கு வழக்கமாக இரண்டு வழிகள்தாம் கையாளப்படுகின்றன: நாயகன் தன் உயிரைக் கொடுத்து உலகைக் குணப்படுத்துவான், அல்லது எல்லோரும் சாவார்கள். முதலாவது, அத்தனை அத்தியாயங்களில் செத்தவர்களின் சாவை ஒரே நொடியில் மலிவாக்கிவிடுகிறது. இரண்டாவதற்கு உழைப்பே தேவையில்லை. காஷெர்ன் சின்ஸ் மூன்றாவது வழியைப் பிடித்தது. சாகாவரம் பெற்றவர்கள் சாவை மறந்தால் தான் மீண்டும் வருவேன் என்று காஷெர்ன் எச்சரித்துவிட்டுப் போகிறான். தொடக்கத்தில் எல்லோரும் துரத்திய சாகாவரமே கடைசியில் சாவின் தூதனாகிவிடுகிறது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அதன் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்: முதல் அத்தியாயத்தில் நாயகன் மற்றவர்களுக்கு என்னவாக இருந்தானோ, அதற்கு நேரெதிராகக் கடைசியில் அவன் மாறக்கூடிய பாதை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிக்கல் முடிவில் இல்லை, வதந்தியை அமைத்த இடத்தில் இருக்கிறது. அங்கே திரும்பிப் போய்த் திருத்துங்கள்.

எழுதி முடித்ததும் வசனங்களை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். சாகாவரம் ஒரு சாபம், முடிவு இருப்பதால்தான் வாழ்வு அழகு என்ற பொருளில் யாராவது பேசியிருந்தால் அந்த வரிகளை அடித்துவிடுங்கள். அடித்த பிறகும் காட்சி நின்றால் நல்லது. நிற்கவில்லை என்றால், அந்தப் பாத்திரத்தின் கையில் ஒரு வேலையைக் கொடுத்து, அது முடிவதற்குள் உடலில் ஏதாவது ஒரு மூட்டு இறுகும்படி செய்து, காட்சியை முதலிலிருந்து எழுதுங்கள்.