நரைக்காக ஏங்கும் பாட்டு: பாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸே' (பனிக்காலப் பயணம்) என்ற பாட்டு வரிசையில் வரும் ஜெர்மன் பாட்டு 'டெர் கிரைஸே கோப்ஃப்', அதாவது 'நரைத்த தலை'. அந்தப் பெயரைப் பார்த்ததுமே சிலர் குரலை நடுங்கவிட்டுக் கிழவர் மாதிரி பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இதில் பாடுகிறவன் கிழவனே இல்லை, காதல் முறிந்து பனிக்கால இரவில் ஊரைவிட்டுக் கிளம்பிய இளைஞன். தலையில் உறைபனி படிந்து முடி வெள்ளையாகத் தெரிந்ததும், அப்பாடா, கிழவனாகிவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறான். அது உருகிக் கறுப்பு முடி திரும்பியதும் தன் இளமையைக் கண்டே அவனுக்கு நடுக்கம் வந்துவிடுகிறது, பாடைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்கிறான். ஆண்டு பலவாகியும் நரைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்ன பிசிராந்தையாரைப் படித்த நமக்கு, இந்த ஆள் கொஞ்சம் புதுசுதான்.

அதனால் குரல் திடமாகவே இருக்கட்டும். உடம்பில் தெம்பு இருப்பதுதானே அவனுடைய பிரச்சினையே! 1827-இல் இதற்கு இசையமைத்தபோது ஷூபர்ட்டுக்கு 30 வயது, கவிதை எழுதிய வில்ஹெல்ம் முல்லர் அதே ஆண்டில் 32 வயதில் இறந்துபோனார்.

அடுத்து பியானோ வாசிப்பவருக்கு. தொடக்கத்தில் வருவது பாடகர் தொண்டையைச் செருமிக்கொள்வதற்கான இடைவெளி இல்லை. வில் மாதிரி மேலே வளைந்து ஏறி இறங்கும் அந்த வரியைத்தான் குரலும் பிறகு ஒரு ஸ்தாயிக்கு மேல் ஏறிப் பாடப்போகிறது, ஆகவே எங்கே மூச்சு எடுப்பார் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு அதே மூச்சில் வாசியுங்கள். வேகக் குறிப்பு 'எட்வாஸ் லாங்ஸாம்', ஓரளவு மெதுவாக, அவ்வளவுதான். சாவு ஊர்வலம் மாதிரி இழுத்தால் அந்த வளைவு நடுவிலேயே உடைந்துவிடும்.

பாடை வரி வரும் இடம்தான் இன்னும் பெரிய பொறி. அங்கே ஷூபர்ட் பியானோவிலிருந்து ஸ்வரக்கூட்டுகளை எடுத்துவிட்டு, குரலோடு ஒட்டி அதே மெட்டை வெறுமையாக நடக்கவிடுகிறார். அதில் போய் அழுகையையும் விம்மலையும் சேர்த்தால் அந்த வெறுமை காணாமல் போகும். சும்மா சொல்லுங்கள், போதும்.

அப்புறம் கவிதையின் ஜெர்மன் சொற்கள். 'ரைஃப்' என்பதை வெறுமனே பனி என்று மொழிபெயர்த்துவிட்டுப் போகிறார்கள், ஆனால் இது கொட்டும் பனி இல்லை, மேலே மெல்லிசாகப் படியும் உறைபனி, அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் கரைகிறது. 'கிராவ்ட்' என்ற சொல்லையும் அவசரமாக விழுங்காதீர்கள்: பொருள் நடுக்கம்தான், ஆனால் அதற்குள் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் 'கிராவ்' ஒலிக்கிறது.

பாரிட்டோன்கள், அதாவது நடுத்தர உயரமுள்ள ஆண் குரல்காரர்கள், சுருதியை இறக்கிப் பாடுவதில் தப்பே இல்லை. ஆனால் 24 பாட்டுகள் கொண்ட 'வின்டர்ரைஸே'யில் இது 14-ஆவது, அடுத்து வரும் காக்கைப் பாட்டும் இதே சி மைனர் சுருதிதான்; இதை மட்டும் இறக்கிவிட்டு அதை அப்படியே விடாதீர்கள், பாடையிலிருந்து காக்கைக்குப் போகும் வழி அந்த ஒரே சுருதியில் இருக்கிறது.