நாயை வாக்கிங் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"மழை வந்தா கரைஞ்சிடும், விடுங்க." சேலம் மூக்கனேரிக் கரையில் காலையில் நாயோடு வருகிறவர்களிடம், நாய் போன மலத்தை எடுக்கலாமே என்றால் நான் அடிக்கடி கேட்கிற பதில் இது. கரையும், சரி. கரைந்தது ஏரிக்குள்தானே இறங்கும்? நாய் மலத்தில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு நல்ல தீனி. பாசி மண்டி அழுகினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். ஏற்காட்டில் எல்லாமே சரிவு. ஏரியைச் சுற்றி விட்டுவிட்டு வந்ததை ஒரு கோடை மழையே ஏரியில் சேர்த்துவிடும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சேலத்துக்குள்தான் ஓடி வருகிறது.

"மாட்டுச் சாணி மாதிரி இதுவும் எருதானே" என்று கீரைப் பாத்தியில் புதைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மாடு புல் தின்கிறது. நாய் கறியும் தின்கிறது. அதன் குடலில் வளரும் சில புழுக்கள் மனிதருக்கும் தொற்றும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து உள்ளே போகும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மண்ணில் விளையாடி, அதே கையை வாயில் வைக்கிற குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

"அப்புறம் எடுத்துக்கலாம்" என்பதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. புதிதாக விழுந்த மலத்தில் உள்ள உருண்டைப்புழு முட்டை உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்து முதிர வேண்டும். அதற்குள் மலம் காய்ந்து உதிர்ந்து கண்ணுக்கே தெரியாது, முட்டை மட்டும் இருக்கும். அன்றைக்கே எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நாய் சுற்றிச் சுற்றி மோந்து முதுகை வளைக்கும்போதே பழைய செய்தித்தாளை நான்காக மடித்து அடியில் நீட்டுங்கள். தரையில் படாது, அப்படியே சுருட்டிக்கொள்ளலாம்.

சுருட்டியதை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு எஸ்டேட் வேலியில் மாட்டிவிட்டுப் போவது இன்னும் மோசம். மக்க வேண்டியதும் மக்காது, பையும் அங்கேயே தொங்கும். காய்கறிக் குப்பையோடும் கலக்காதீர்கள், அது உரமாகப் போவது. தனியாகப் பொதிந்து, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவர் கையால் பிரிப்பார்.

"தெருநாய் போவதை யார் எடுக்கிறார்கள்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தெருநாய்க்கு வேளாவேளைக்குக் குடற்புழு மருந்து கொடுக்க ஆளில்லை. நம் நாய்க்கு நாம் இருக்கிறோம். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குட்டிக்கு இன்னும் அடிக்கடி. எடைக்கு எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.