பழைய ஆங்கில நாடகம் படிக்கையில் தெரிந்த சொல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்

ஷேக்ஸ்பியரைக் கையில் எடுத்ததும் ‘தௌ’, ‘ஹேத்’, ‘டோத்’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் சொற்களால் பெரிய சேதமில்லை. பார்த்தாலே பழசு என்று தெரியும், அகராதியைப் புரட்டிவிடுவார்கள். புதிதாக வருபவர்கள் வருஷா வருஷம் வழுக்குவது வேறிடத்தில்.

தெரிந்த சொல்தானே என்று தாண்டிப்போவது

‘ஹாம்லெட்’ முதல் அங்கம், நான்காம் காட்சி. தந்தையின் ஆவி இளவரசன் ஹாம்லெட்டைக் கையசைத்துக் கூப்பிடுகிறது. கூட இருப்பவர்கள் அவனைப் பிடித்து இழுக்கிறார்கள். ‘ஐ வில் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ’ என்று சீறுகிறான். ‘லெட்’ என்றால் அனுமதிப்பது என்று படித்தால், வழிவிடுகிறவனைக் கொல்வேன் என்றாகிவிடும். விடைத்தாளில் அப்படியே எழுதிவிட்டு, ‘இது ஹாம்லெட்டின் பித்தைக் காட்டுகிறது’ என்று விளக்கம் வேறு! எரிச்சலாக வரும்.

இங்கே ‘லெட்’ என்றால் தடுப்பது. உச்சரிப்பில் ஒன்றாகிப்போன இரண்டு தனி வினைச்சொற்கள் இவை. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்: ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டிருக்கும். அதே தடைதான்.

‘பிரசன்ட்லி’யும் இப்படித்தான். அன்று அதற்கு ‘உடனே’ என்று பொருள். ‘டெம்பஸ்ட்’ நான்காம் அங்கத்தில் ஏவல் ஆவியான ஏரியல் ‘பிரசன்ட்லி?’ என்று கேட்க, கண் சிமிட்டும் நேரத்தில் என்கிறார் மாயவித்தைக்காரர் பிராஸ்பரோ. ஒத்திகையில் இதை ‘அப்புறமா?’ என்ற தொனியில் இழுத்தால் அடுத்த வரி அந்தரத்தில் நிற்கும். ‘ஸ்டில்’ பெரும்பாலும் ‘எப்போதும்’. ‘ஃபாண்ட்’ பல இடங்களில் ‘மடத்தனமான’. ஹாம்லெட்டின் ‘ஐ டவுட் சம் ஃபௌல் ப்ளே’யில், சதி இருக்குமோ என்று அவன் சந்தேகப்படுகிறான், சதியே இல்லை என்று சொல்லவில்லை. தமிழில் ‘சந்தேகப்படுகிறேன்’ என்பதும் இதே பொருள் தருவதால், தமிழில் யோசிப்பவர்களுக்கு இந்த ஒன்றில் மட்டும் லாபம்.

வரி காட்சியோடு ஒட்டவில்லையா? அதிலுள்ள ஆகச் சாதாரணமான சொல்லை முதலில் பிடியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 1600-ஐ ஒட்டிய மேற்கோள்கள் எந்தப் பொருளின் கீழ் இருக்கின்றன என்று பாருங்கள். அலெக்சாண்டர் ஷ்மிட்டின் ஷேக்ஸ்பியர் சொல்லகராதி (1874–75) இன்னும் வசதி, சொல் வரும் இடங்களை அங்கம், காட்சி, வரியோடு பொருள்வாரியாகப் பிரித்துத் தரும். உரைநடைப் பகுதிகளில் வரி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எண் பொருந்தவில்லை என்று விட்டுவிடாமல் காட்சிக்குள் தேடுங்கள்.

‘தௌ’வை மரியாதைச் சொல்லாக நினைப்பது

பைபிளில் கேட்டுப் பழகிய பழக்கதோஷம். ‘தௌ’ நம்முடைய ‘நீ’, ‘யூ’தான் ‘நீங்கள்’. லியர் மன்னரைப் பார்த்து கென்ட் பிரபு ‘தௌ’ என்றும் ‘ஓல்ட் மேன்’ என்றும் சொல்லும்போது அரசவையே அதிர வேண்டும். ஒரே ஆள் பேச்சின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் பென்சிலால் குறித்துவையுங்கள். கோபமோ காதலோ நக்கலோ அங்கேதான் இருக்கும்.

‘வேர்ஃபோர்’ என்றால் ‘எங்கே’ என்று நினைப்பது

இல்லை, ‘ஏன்’. ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ?’ என்றால் ‘நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?’ என்றுதான் பொருள். ஜூலியட் எட்டிப்பார்த்து ரோமியோவைத் தேட வேண்டாம்.

மூலத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சிட்ட இன்றைய ஆங்கில உரையை மட்டும் படிப்பது

சிக்கிய வரிக்கு மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

1623 ஃபோலியோ (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு) நகலில் எழுத்துக்கூட்டித் திணறுவது

சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் நீண்ட ‘எஸ்’, பார்வைக்கு ‘எஃப்’ மாதிரி இருக்கும். குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கமும் நீண்டால்தான் அது ‘எஃப்’. ‘யு’, ‘வி’ விஷயத்தில் ஒலியைப் பார்க்காதீர்கள்: சொல்லின் முதலில் ‘வி’ அச்சடிப்பார்கள், நடுவில் ‘யு’.